கூகுளில் எடுத்த கட்டுமரம்: வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு அறிவுசார் சொத்துரிமை

"தம்பி, டெல்லிலேர்ந்து ஏதோ மெயில் வந்திருக்கு. படத்துக்குக் காசு கட்டுன்றான். எந்தப் படம்னே எனக்குப் புரியல. கொஞ்சம் பாக்குறியா?"

போனில் பேசியவர் புதுச்சேரி ஒயிட் டவுனில் ஆறு அறை கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் அக்கா. மெயிலைத் திறந்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. விடிகாலைக் கடல், ஒரு கட்டுமரம், துடுப்போடு நிற்கும் ஒருவர். அவர்களுடைய முகப்புப் பக்கத்தில் அந்தப் படத்தை வைத்தது நான்தான். 'பாண்டிச்சேரி சன்ரைஸ்' என்று கூகுளில் தேடி, ரைட் கிளிக் அடித்து, சேவ் செய்து போட்டது. இதில் வேடிக்கை, அது பாண்டிச்சேரிக் கடலே இல்லை. ஒடிசா பக்கத்தில் எடுத்த படம் என்று அந்த மெயிலில்தான் தெரிந்தது. ஒரே ஒரு படத்துக்கு 38,000 ரூபாய் கேட்டிருந்தார்கள்.

நான் வக்கீல் இல்லை. புதுச்சேரி, கடலூர் பக்கம் சின்ன நிறுவனங்களுக்கு வெப்சைட் கட்டிக்கொடுக்கிறவன். அந்தக் கட்டுமரத்துக்கு அப்புறம்தான் அறிவுசார் சொத்துரிமைச் சட்டத்தை, அதாவது படம், எழுத்து, பெயர் மாதிரியானவை யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் சட்டத்தை, கொஞ்சம் உட்கார்ந்து படித்தேன். வெப்சைட் வைத்திருக்கும் ஒரு பள்ளியோ, டிரஸ்ட்டோ, கடையோ தெரிந்துகொள்ள வேண்டியதை, நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பம். தமிழில் 'காப்புரிமை' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. மஞ்சளுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள் என்றால் அது பேட்டன்ட். பாட்டுக்குக் காப்புரிமை கேட்டு வழக்கு என்றால் அது காப்பிரைட். இரண்டும் வேறு வேறு சட்டம். பேட்டன்ட் புதிய கண்டுபிடிப்புக்கு; விண்ணப்பித்து வாங்க வேண்டும், 20 ஆண்டுதான் நிற்கும். கெஸ்ட் ஹவுஸுக்கும் முந்திரிக் கடைக்கும் அது பெரும்பாலும் குறுக்கே வராது. குறுக்கே வருகிறவை படம், எழுத்து, பாட்டு மாதிரியான படைப்புகளுக்கான காப்பிரைட்டும், வியாபாரப் பெயருக்கும் லோகோவுக்குமான டிரேட்மார்க்கும். நம் பக்கத்தில் புவிசார் குறியீட்டையும், அதாவது ஓர் ஊருக்கே உரிய பொருளின் பெயருக்குக் கிடைக்கும் பாதுகாப்பையும், சேர்த்துக்கொள்ளலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

காப்பிரைட் என்பது பதிவு செய்து வாங்கும் உரிமை என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒருவர் ஒரு படத்தை எடுத்த கணத்திலேயே, ஒரு பத்தியை எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்யலாம், சாட்சிக்கு உதவும், ஆனால் கட்டாயம் இல்லை. ஓரத்தில் வட்டத்துக்குள் 'சி' போட வேண்டும் என்பதும் இல்லை. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, படைத்தவர் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பின் 60 ஆண்டும் அது நிற்கும். ஆகவே 'படத்துல வாட்டர்மார்க் இல்ல, அதனால எடுத்தேன்' என்பது, பூட்டாத சைக்கிளை ஓட்டிக்கொண்டு போவதற்குச் சொல்லும் காரணம் மாதிரிதான்.

'தெரியாது' என்பது பாதி காப்பாற்றும். தெரியாமல் செய்தேன், சந்தேகப்படக் காரணமும் இல்லை என்று நிரூபித்தால் நஷ்டஈடு கேட்க முடியாது, அந்த மீறலில் வந்த லாபத்தை மட்டும் கேட்கலாம். ஆனால் தடை உத்தரவு போட அது தடையில்லை. தெரிந்தே செய்தால் 63-ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கே உண்டு: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். கெஸ்ட் ஹவுஸ் படத்துக்கு யாரும் சிறைக்குப் போய் நான் பார்த்ததில்லை. ஆனால் நோட்டீஸ் கடிதத்தில் அந்தப் பிரிவு எண் தடித்த எழுத்தில் நிற்கும், அக்கா மாதிரி ஒருவருக்கு ராத்திரித் தூக்கம் போவதற்கு அது போதும்.

இப்போது ஒரு முகப்புப் பக்கத்தை மேலிருந்து கீழே பார்ப்போம்.

பெரிய படம்தான் முதல் வம்பு. கூகுள் இமேஜஸ் என்பது கடை இல்லை, அது வெறும் ஜன்னல். அங்கே தெரியும் அநேகமாக ஒவ்வொரு படத்துக்கும் எங்கோ ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு, அவற்றுக்கும் நிபந்தனை உண்டு. விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருக்கும், அதாவது இந்த நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டித் தரும் அனுமதி. எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் படத்துக்குக் கீழே போட்டால்தான் அந்த அனுமதி செல்லும். மற்ற இடங்களில் கிடைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் படங்களில் 'என்.சி.' என்ற எழுத்து இருந்தால் வியாபாரத்துக்கு ஆகாது, ஹோட்டல்காரர் தொடவே கூடாது. 'என்.டி.' இருந்தால் வெட்டி ஒட்டக் கூடாது. 'நன்றி: இணையம்' என்று போடுவது மட்டும் எந்த உரிமத்திலும் சேர்த்தி இல்லை. அதைப் போடுகிறவர், எடுத்தது என்னுடையது இல்லை என்று தானே எழுதிக்கொடுக்கிறார்.

புதுச்சேரிக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. கடற்கரையில் இருக்கும் காந்தி சிலையை நீங்களே படமெடுத்துப் போடலாமா? போடலாம். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையைப் படமெடுத்து வெளியிடுவதை 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கட்டிடங்களுக்கும் அப்படியே, மஞ்சள் பூசிய பிரெஞ்சுக்காலத்து வீடுகளைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் சுவரில் வரைந்த ஓவியம்? அந்த விதிவிலக்கில் சிலை இருக்கிறது, கைவினை இருக்கிறது, ஓவியம் இல்லை. தெருவில் நின்று யார் வேண்டுமானாலும் பார்க்கிற ஒரு சுவரோவியத்தைப் படமெடுத்து, அதையே உங்கள் ஓட்டலின் விளம்பரப் படமாக வைத்தால், வரைந்தவர் கேள்வி கேட்கலாம். இத்தனைக்கும் அதே ஓவியம் சினிமாப் படத்தில் வந்தால் சட்டம் விட்டுவிடுகிறது. போட்டோவுக்கு ஒரு நியாயம், சினிமாவுக்கு ஒரு நியாயம். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அடுத்தது விருந்தாளிகள் எடுத்த படம். வந்து தங்கியவர் உங்கள் மாடிப்படியை அழகாக எடுத்து, இன்ஸ்டாகிராமில் போட்டு, உங்களை டேக் செய்கிறார். அது உங்கள் மாடிப்படிதான், ஆனால் அவருடைய படம். டேக் செய்தது அனுமதி ஆகாது. 'இந்தப் படத்தை எங்கள் வெப்சைட்டில் உங்கள் பெயரோடு போடலாமா?' என்று ஒரு மெசேஜ் அனுப்புங்கள், பத்தில் ஒன்பது பேர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இரண்டு நாள் இலவசமாகத் தங்க வைத்து ரீல்ஸ் போடச் சொல்கிறோமே அந்தத் தம்பி தங்கைகள், அவர்களோடும் இதே பேச்சுதான். ரூம் கொடுத்ததாலேயே வீடியோ உங்களுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். யார், எங்கே, எத்தனை நாளுக்குப் பயன்படுத்தலாம் என்று நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரீல்ஸ் என்றதும் பாட்டு. உங்கள் அக்கா மகன் தன் சொந்தக் கணக்கில் சினிமாப் பாட்டைப் போட்டு வீடியோ விடுகிறான், ஒன்றும் ஆகவில்லை. அதையே கடையின் பிசினஸ் கணக்கில் போட்டால் விஷயம் வேறு. இன்ஸ்டாகிராம் தன் பாட்டுக் கம்பெனி ஒப்பந்தங்களைத் தனிநபர் பயன்பாட்டுக்குத்தான் செய்து வைத்திருக்கிறது. பிசினஸ் கணக்குகளுக்குத் தனியாக உரிமப் பிரச்சினை இல்லாத ஒலித்தொகுப்பு வைத்திருக்கிறது. வியாபாரம் செய்கிறவர்கள் அதிலிருந்து எடுப்பதுதான் பத்திரம். தீபாவளி ஆஃபருக்கு ஹிட் பாட்டு போடாவிட்டால் பட்டாசு வெடிக்காதா என்ன?

பள்ளி, கல்லூரி, தமிழ் மன்றங்களின் சைட்டில் வேறொரு கேள்வி வரும். முகப்பில் பாரதிதாசன் கவிதை போடலாமா? அவர் இறந்தது 1964. கணக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஓடும் என்பதால், 60 ஆண்டு 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அதற்கு முன்பே தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியும் விட்டது. ஆகவே கவிதை வரிகளைத் தயங்காமல் போடலாம். ஆனால் அவருடைய பாட்டை இப்போது யாரோ பாடிப் பதிவு செய்திருக்கிறார்களே, அந்த ஒலிப்பதிவு கம்பெனியுடையது. புதுச்சேரி அரசு விழாக்களில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து அவர் எழுதியதுதான். உங்கள் மாணவிகளைப் பாட வைத்துப் பதிவு செய்து போட்டால் ஒரு தொல்லையும் இல்லை, யூடியூபில் கிடைத்த பதிவை இறக்கிப் போட்டால் தொல்லை. அவர் கவிதைக்கு இன்னொருவர் எழுதிய உரையும், இன்னொருவர் வரைந்த உருவப்படமும் தனித்தனிச் சொத்து. ஒரே தாளில் நாலு பேர் சொத்து இருக்கலாம் என்பதுதான் காப்பிரைட்டில் முதலில் பிடிபட வேண்டிய விஷயம்.

பத்திரிகையில் பள்ளியைப் பற்றி வந்த செய்தியை ஸ்கேன் செய்து 'எங்களைப் பற்றி' பக்கத்தில் ஒட்டுவது ஊர் வழக்கம். செய்தி உங்களைப் பற்றியது, எழுத்து பத்திரிகையுடையது. தலைப்பை எழுதி லிங்க் கொடுத்தால் போதும்.

இனி நான் சொல்லப்போவதற்கு என் தொழிலில் இருப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். காசு கொடுத்துக் கட்டிய வெப்சைட் உங்களுடையது என்று நினைக்கிறீர்கள் அல்லவா? பாதிப் பேருக்கு இல்லை.

17-ஆம் பிரிவு இதைப் பிரித்துச் சொல்கிறது. உங்களிடம் சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக எழுதியது, வடிவமைத்தது உங்களுக்குச் சொந்தம். காசு கொடுத்து போட்டோகிராபரை வரவழைத்து எடுத்த படமும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உங்களுக்கே சொந்தம். ஆனால் என்னை மாதிரி வெளியிலிருந்து வந்து எழுதிக்கொடுக்கும் வாசகங்களும் நிரலும் என்னுடையவை, நான் எழுத்தில் மாற்றிக்கொடுக்கும் வரை. பில் கட்டியது போதாது. 'ஓகே சார், டன்' என்ற வாட்ஸ்அப்பும் போதாது. 19-ஆம் பிரிவு கையெழுத்திட்ட எழுத்து கேட்கிறது.

அந்த எழுத்திலும் இரண்டு குழி இருக்கிறது. எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாமல் விட்டால் ஐந்து ஆண்டுதான் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வெப்சைட்டோ உலகம் முழுக்கத் தெரிகிறது. அக்காவின் கெஸ்ட் ஹவுஸுக்கு புக்கிங் பாதி பாரிஸிலிருந்துதான் வருகிறது. ஆகவே 'காப்பிரைட் காலம் முழுமைக்கும், உலகம் முழுமைக்கும்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டாலும் உரிமை போகாது என்று இன்னொரு வரி. அது இல்லாவிட்டால், வாங்கி ஒரு வருடம் பயன்படுத்தாமல் வைத்த உரிமை காலாவதி ஆகிவிடும்.

டொமைன் பெயர், அதாவது சைட்டின் இணைய முகவரி, யார் பேரில் பதிவாகி இருக்கிறது என்றும் இன்றைக்கே பாருங்கள். கடலூரில் ஒரு வாடிக்கையாளர் என்னிடம் வந்தபோது அவருடைய டொமைன் பழைய டிசைனர் பேரில், டிசைனரின் மெயில் ஐடியில் இருந்தது. டிசைனர் துபாய் போய்விட்டார், புதுப்பிக்கும் தேதி அடுத்த வாரம். பதினெட்டு வருடக் கடையின் பெயர் ஒரு ஓடிபிக்காகத் தொங்கிக்கொண்டு நின்றதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நல்லவேளை, அந்த டிசைனர் தம்பி போனை எடுத்தார்.

பெயர் என்றால் டிரேட்மார்க். புதுச்சேரியில் இரண்டு கெஸ்ட் ஹவுஸுக்கு ஒன்று 'வில்லா' என்றோ 'மேசோன்' (பிரெஞ்சில் வீடு) என்றோ ஆரம்பிக்கிறது. அந்தச் சொல்லை யாரும் தனக்கென்று பிடித்துவைக்க முடியாது, அதற்குப் பின்னால் வரும் சொல்லில்தான் வம்பு. பெயர்ப்பலகை அடிப்பதற்கு முன்னால் மத்திய அரசின் ஐபி இந்தியா தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பொருள்களையும் சேவைகளையும் மொத்தம் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். தங்குமிடமும் சாப்பாடும் 43, கல்வி 41, பதப்படுத்திய முந்திரி 29. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம், மற்றவர்களுக்கு 9,000. பதிவு பத்து ஆண்டுக்கு, புதுப்பித்துக்கொண்டே போகலாம். நமக்கான அலுவலகம் சென்னை கிண்டியில். ஒன்று மட்டும் கவனம்: பெயர் ஓரத்தில் 'டிஎம்' என்று யார் வேண்டுமானாலும் போடலாம், வட்டத்துக்குள் 'ஆர்' என்பதைப் பதிவு கிடைத்த பிறகுதான் போட வேண்டும். முன்கூட்டியே போட்டால் அதுவே சட்டமீறல். நிறைய டிசைனர்கள் அழகுக்காகப் போட்டுவிடுகிறார்கள்.

பதிவே இல்லாவிட்டாலும் பெயருக்குப் பாதுகாப்பு உண்டு. 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சிஃபி வழக்கு இதற்கு நல்ல உதாரணம். சத்யம் இன்ஃபோவே என்ற இன்டர்நெட் கம்பெனியின் 'சிஃபி' போலவே இன்னொருவர் 'சிஃபிநெட்' என்று டொமைன் வைத்தார். டொமைன் என்பது வெறும் முகவரி இல்லை, வியாபாரப் பெயரைப் போலவே அதற்கும் நற்பெயர் ஒட்டிக்கொள்ளும், அதைப் போலி செய்தால் தடுக்கலாம் என்றது நீதிமன்றம். ஆகவே பக்கத்துத் தெருவில் ஓடும் ஒரு பிரபலமான ஓட்டலின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி டொமைன் வாங்கலாம் என்று உங்கள் மைத்துனர் யோசனை சொன்னால், அவருக்கு ஒரு காபி வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஏசி மெக்கானிக் தன் சைட்டில் 'இன்னின்ன கம்பெனி ஏசி சர்வீஸ் செய்வோம்' என்று எழுதுவதில் தப்பில்லை. அந்தக் கம்பெனிகளின் லோகோவை வரிசையாக அடுக்கி, அங்கீகாரம் பெற்ற சென்டர் மாதிரி காட்டினால் தப்பு.

புவிசார் குறியீடு பற்றி. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையும் புதுச்சேரியின் குறியீடு பெற்ற கைவினைகள். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் 2025-இல் சேர்ந்தன. எங்கிருந்தோ வந்த முந்திரியை ஆன்லைனில் 'பண்ருட்டி முந்திரி' என்று போட்டு விற்பது இனி விளம்பர அலங்காரம் இல்லை, சட்டமீறல். நிஜமாகவே பண்ருட்டி முந்திரி விற்கிறவர்களுக்கு இது பாரம் இல்லை, ஆயுதம்.

எழுத்துருவும் தீமும் ஒரு மூச்சில்: டிடிபி சென்டரிலிருந்து பென்டிரைவில் வந்த தமிழ் ஃபான்டை சைட்டில் ஏற்றாதீர்கள், கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன் எல்லாம் இலவச உரிமத்தோடு இருக்கின்றன. வெப்சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்குக் காசு கொடுக்காமல் பூட்டுடைத்து எடுத்த தீமில் (தயார் வடிவமைப்பில்) உரிமப் பிரச்சினையைவிட உள்ளே ஒளிந்திருக்கும் வைரஸ்தான் முதலில் வந்து நிற்கும்.

சரி, நோட்டீஸ் வந்துவிட்டது. என்ன செய்வது? நான் செய்த தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். பயந்துபோய் உடனே படத்தை எடுத்துவிட்டு, 'மன்னிக்கவும், தெரியாமல் போட்டுவிட்டோம்' என்று பதில் மெயில் தட்டிவிட்டேன். தப்பை எழுத்திலேயே ஒப்புக்கொண்டாயே என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். செய்ய வேண்டியது: முதலில், பக்கம் இருந்தது இருந்தபடி ஒரு ஸ்கிரீன்ஷாட். பிறகு படத்தை நீக்குவது. அதற்குப் பிறகும், யார் உரிமையாளர், அதற்கு என்ன ஆதாரம், அனுப்பியவருக்கு என்ன அதிகாரம் என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. ஆதாரமில்லாமல் சும்மா மிரட்டுகிறவர் மேல் நாமே வழக்குப் போட காப்பிரைட் சட்டத்தின் 60-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. எங்களுக்கு வந்தது உண்மையான நோட்டீஸ், எடுத்தவரின் மூலக் கோப்பையே காட்டினார்கள். இன்னொன்றும் தெரிந்தது: நான் பக்கத்திலிருந்துதான் படத்தை நீக்கியிருந்தேன், ஏற்றிய படங்கள் தங்கும் வேர்ட்பிரஸின் மீடியா லைப்ரரியில் அது அப்படியே இருந்தது. நேரடி முகவரியைத் தட்டினால் கட்டுமரம் மிதந்துகொண்டிருந்தது. அதையும் அவர்களே சுட்டிக்காட்டினார்கள். அந்த அவமானம் 38,000 ரூபாயைவிடப் பெரியது. கடைசியில் பேசி 15,000-த்தில் முடிந்தது, பாதியை நான் கட்டினேன்.

டெல்லிக்காரர் டெல்லியிலேயே வழக்குப் போடலாமா என்று அக்கா கேட்டார். வழக்குப் போடுகிறவர் தான் தொழில் நடத்தும் இடத்திலேயே போடலாம் என்று 62-ஆம் பிரிவு சொல்கிறது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு வரம்பு கட்டினாலும், ரயில் டிக்கெட் நம் தலையில் விழ வாய்ப்பு இருக்கத்தான் செய்கிறது. சமரசம் பேசி முடிப்பதில் அர்த்தம் இருப்பது இதனால்தான்.

அதற்குப் பிறகு நான் கட்டும் ஒவ்வொரு சைட்டோடும் ஓர் எக்செல் ஷீட் சேர்த்துக் கொடுக்கிறேன். மளிகைக் கடைச் சரக்கு நோட்டு மாதிரிதான். அக்காவின் ஷீட்டில் முதல் வரி இப்படி இருக்கிறது: 'முகப்புப் படம், வீராம்பட்டினம் கடற்கரை. எடுத்தது: நம் ரிசப்ஷன் தம்பி, டூட்டி நேரத்தில், கம்பெனி போனில். மூலக் கோப்பு: ஆபீஸ் ஹார்ட்டிஸ்க். அனுமதி: வேலை நியமனக் கடிதம், 4-ஆவது பத்தி.' ஒவ்வொரு படத்துக்கும், எழுத்துக்கும், ஃபான்டுக்கும், பாட்டுக்கும் ஒரு வரி. யாராவது நம் படத்தைத் திருடி வேறு புக்கிங் சைட்டில் போட்டாலும் இதே ஷீட்தான் நமக்குச் சாட்சி. நீதிமன்றம் வரை போனால் மின்னணு ஆவணத்துக்கு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கொடுக்க வேண்டும். மூலக் கோப்பு கையில் இருந்தால் அது பெரிய வேலை இல்லை.

போன வாரம் அக்கா மறுபடியும் போன் செய்தார். நோட்டீஸோ என்று பதறி எடுத்தேன்.

"தம்பி, அந்த ஷீட்ல பதினேழாவது வரி காலியா இருக்கு. மொட்டமாடிப் பூனை படம். அத யாரு எடுத்தது?"

எனக்கும் தெரியவில்லை. படத்தை எடுத்துவிட்டோம், மீடியா லைப்ரரியிலிருந்தும்.